துவாதசிக் கீரையும் என் இடது காலும்

நாளை காலை ஆறு மணிக்கு நான் அடையாறில் ஒரு மருத்துவமனையில் போய்ப் படுக்க வேண்டும். நாளை மறுநாள் என் இடது காலை முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்துவிடுவார்கள். இன்று மத்தியானம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பக்கத்து அறையில் என் மனைவி வசந்தா பை கட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வேஷ்டி, ஃபிளாஸ்க், ரிப்போர்ட் கட்டு, செருப்பு. செருப்பை ஜோடியாகத்தான் வைத்தாள். அப்புறம் ஒன்றை வெளியே எடுத்தாள். அப்புறம் மறுபடியும் உள்ளே வைத்தாள். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

என்னைப் போலவே நெஞ்சுக்குள் உலோக வால்வும் கையில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையுமாக இந்த ஊரில் நிறையப் பேர் நடமாடுகிறார்கள். அவர்கள் வீட்டில் யாராவது படித்தால் உபயோகமாக இருக்குமே என்று எழுதுகிறேன். உபயோகப்படாவிட்டாலும் சாயந்திரம் வரைக்கும் பொழுது போகும்.

என் பெயர் சேஷாத்ரி. வயது ஐம்பத்து மூன்று. மயிலாப்பூரில் ஒரு கல்யாணச் சமையல் கான்ட்ராக்டரிடம் பந்தி விசாரிக்கும் வேலை. சமைக்க மாட்டேன், பரிமாறவும் மாட்டேன். இலை வரிசைகளுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பேன். எந்த இலையில் எது தீர்ந்திருக்கிறது என்று பார்த்து, "இந்த இலைக்கு ரசம்", "மாமிக்கு அப்பளம்" என்று குரல் கொடுப்பேன். நடுநடுவே ஏதாவது அசட்டு ஜோக் அடிப்பேன். ஜிலேபி ஆறிப் போயிருந்தால் "இப்பதான் எண்ணெயிலேருந்து எடுத்தது" என்பேன். யார் "போறும்" என்றாலும் காதில் வாங்கக் கூடாது. இதுதான் இந்த வேலைக்கு உள்ள ஒரே விதி. இதற்குப் படிப்பு வேண்டாம். வெட்கம் இருக்கக் கூடாது. கால் வேண்டும்.

சின்ன வயதில் எனக்கு மூட்டெல்லாம் வீங்கி ஒரு ஜுரம் வந்தது. மூட்டு சரியாகிவிட்டது. அந்த ஜுரம் போகிற போக்கில் இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்பது நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. மார்பைத் திறந்து உலோக வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். அது திறந்து மூடும்போது டிக், டிக் என்று சத்தம் வரும். லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பார். வசந்தாவிடம், "தூக்கம் கெடறதா?" என்று ஒருநாள் கேட்டேன். "கேட்டுண்டே தூங்கிப் பழகிடுத்து. நின்னாத்தான் முழிச்சுப்பேன்" என்றாள்.

உலோகத்தைக் கண்டால் ரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும். உறைந்த கட்டி வால்வில் மாட்டினால் ஆள் காலி. கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் என்று ஒரு மாத்திரை. ரத்தம் சுலபமாக உறையாமல் அது பார்த்துக்கொள்ளும். மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள மாதத்துக்கு ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை, ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை. சாதாரண ஆளைவிட என் ரத்தம் உறைய எத்தனை மடங்கு நேரம் எடுக்கிறது என்ற கணக்கு. எனக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே நிற்க வேண்டும்.

அது நின்றதே இல்லை. ஒரு தடவை இரண்டுக்குக் கீழே இருக்கும். இதய டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். அடுத்த தடவை ஐந்தைத் தொடும், பல் தேய்த்தால் ரத்தம் வரும். குறைப்பார். பதினோரு வருஷமும் இதே கதை. ஒவ்வொரு தடவையும் அவர், "கீரை சாப்பிடறீங்களா?" என்று கேட்பார். கீரையில் இருக்கும் கே வைட்டமின்தான் இந்த மாத்திரைக்கு எதிரி. நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா, "ஆத்துல கீரையே வாங்கறதில்லை டாக்டர்" என்பாள். டாக்டர் என்னைப் பார்த்து, "புரியாத உடம்பு சார் உங்களுது" என்பார். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

போன கல்யாண சீசனில்தான் கால் ஆரம்பித்தது. மூன்றாவது வரிசைக்குப் போவதற்குள் இடது ஆடுசதையை யாரோ முறுக்கு அச்சில் போட்டுப் பிழிவதுபோல இருக்கும். ஒரு நிமிஷம் நின்றால் போய்விடும். மறுபடி நடந்தால் மறுபடி பிழியும். நிற்பதற்கு எனக்கு ஒரு சாக்கு வேண்டும். அதனால் ஏதாவது ஒரு இலைக்கு முன்னால் நின்று ஜோக்கை நீட்டுவேன். பையன் வீட்டார், "மாமா ரொம்ப கலகலப்பா இருக்கார்" என்று கான்ட்ராக்டரிடம் சொன்னார்களாம். எங்கள் பரிமாறும் கோஷ்டிக்குத் தலைவன் பாண்டியன். கோடம்பாக்கத்துக்காரன், இருபது வருஷப் பழக்கம். அவன்தான் கண்டுபிடித்தான்.

"இன்னா சாமி, அஞ்சாவது இலைக்கே கதாகாலட்சேபம் ஆரம்பிச்சிக்கினே? காலு வலிக்குதா?"

"வயசாச்சுடா."

"வயசு ரெண்டு காலுக்கும்தான ஆவணும்? ஒரு காலுக்கு மட்டும் இன்னா அவசரம்?"

அவன் கேட்டது சரியான மருத்துவக் கேள்வி. எனக்குத்தான் உறைக்கவில்லை.

ஐப்பசியில் தி.நகரில் ஒரு கல்யாணம். சாம்பார் வாளியின் அடி இடது கால் பெருவிரலில் இடித்தது. தோல் கொஞ்சம் சிராய்த்தது, அவ்வளவுதான். வாரம் போயிற்று, மாதம் போயிற்று, புண் ஆறவில்லை. விரல் நாவல்பழ நிறத்துக்கு வந்தபிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். எனக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரையும் உண்டு. சர்க்கரைப் புண் என்று நானே தீர்மானம் செய்து நானே மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தேன்.

எலும்பு பாதித்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்தபோது எலும்புக்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் பாதம்வரை இணையாக ஓடின.

"இது என்ன, தண்டவாளம் மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

எனக்குப் புதிதாக வாய்த்த ரத்தக்குழாய் டாக்டர் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். சிரிக்காமல் பேசுவார், ஆனால் நாம் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். "அது உங்க ரத்தக்குழாய் சார். எக்ஸ்ரேல எலும்புதான் தெரியணும். ரத்தக்குழாய் தெரியவே கூடாது. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு படிஞ்சிருக்கு, அதான் தெரியுது" என்றார்.

மயிலாப்பூர்வாசி எல்லோருக்கும் தலைக்கு மேலே பறக்கும் ரயில் போகும். எனக்குக் காலுக்குள்ளேயும் போகிறது என்று சொன்னேன். நித்யா என் கையைக் கிள்ளினாள். நித்யா எங்கள் ஒரே பெண். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் நாளெல்லாம் கணக்குப் பட்டியல்களைப் பார்க்கும் வேலை.

அடுத்து கணுக்காலில் பிரஷர் பார்க்கும் பரிசோதனை. பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் ரத்தக்குழாய் அமுங்க வேண்டும். அப்போது கருவியில் கேட்கும் விஷ்ஷ் சத்தம் நிற்கும். பரிசோதனை செய்த அம்மாள் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். சத்தம் நிற்கவில்லை.

"இன்னா சார் இது, மெஷினே கை தூக்கிடுச்சு. இதுக்கு மேல காத்து ஏறாது. உங்க ரத்தக்குழா அமுங்கவே மாட்டேங்குது. பைப்பு கணக்கா கீது."

"எங்காத்துல எல்லாரும் பிடிவாதக்காரா" என்றேன். அந்த அம்மாள் சிரித்தார். வசந்தா சிரிக்கவில்லை.

தொடை இடுக்கு வழியாக மெல்லிய கம்பியை விட்டு அடைப்பைத் திறந்து பார்க்கலாம் என்றார்கள். விழித்த நிலையிலேயே படுக்க வைத்தார்கள். மூன்று மணி நேரம். தலைக்கு மேலே திரையில் என் கால் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் வரைக்கும் கம்பி போயிற்று. அதற்குக் கீழே மடங்கி மடங்கித் திரும்பி வந்தது. பலூன் ஒன்றை நுழைத்து ஊதினார்கள். உள்ளே இருந்த சுண்ணாம்பு முனையில் பட்டு அது கிழிந்துவிட்டது. இன்னொன்று நுழையவே இல்லை. டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு என் தலைமாட்டுக்கு வந்து நின்றார். நெற்றியில் வியர்வை. அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பாயசம் தீர்ந்துபோனதை எஜமானரிடம் சொல்ல வரும் சமையல்காரனின் நடை எனக்குப் பழக்கம்.

"தையல் போட்டு வேற குழாய் இணைக்கலாமான்னு பார்த்தேன். இணைக்கறதுக்குக் கீழ நல்ல இடமே இல்ல சார். குழாய் ஓடு மாதிரி கெட்டியா இருக்கு, ஊசி இறங்காது."

அன்று சாயந்திரம் அவர் வார்டுக்கு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏன் இப்படி ஆயிற்று என்று விளக்கினார். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

நம் உடம்பில் சில புரதங்கள் இருக்கின்றன. அவை உற்பத்தியாகிவிடும், ஆனால் வேலைக்கு இறங்காது. கே வைட்டமின் வந்து கையில் கரண்டியைக் கொடுத்தால்தான் பரிமாறக் கிளம்பும். கரண்டி என்பது என் உவமை. டாக்டர் வேறு என்னவோ சொன்னார். கல்லீரலில் இருக்கும் இந்த ஜாதிப் புரதங்கள் ரத்தத்தை உறைய வைக்கின்றன. நான் சாப்பிடும் மாத்திரை அவற்றின் கையில் கரண்டி சேராமல் தடுக்கிறது. வால்வு பிழைக்கிறது. இதுவரை சரி.

ஆனால் ரத்தக்குழாயின் சுவரிலேயே இதே ஜாதியில் இன்னொரு புரதம் உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் வரும் சுண்ணாம்பைச் சுவரில் ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதற்கும் கரண்டி கொடுப்பது கே வைட்டமின்தான். மாத்திரைக்கு ஆள் அடையாளம் தெரியாது. எல்லார் கையிலிருந்தும் கரண்டியைப் பிடுங்கிவிடுகிறது.

"அப்போ மாத்திரையை நிறுத்திட்டா?" என்று நித்யா கேட்டாள்.

"வால்வு அடைச்சுக்கும்."

"புது மாத்திரை எல்லாம் வந்திருக்காமே டாக்டர்?"

"உலோக வால்வு வெச்சவங்களுக்கு அது ஆகாது. இதேதான் சாப்பிட்டாகணும்."

"அந்தக் கே வைட்டமினையே கேப்சூலா விக்கறா. நான் ஆர்டர் பண்ணிட்டேன்." பாவம், பையிலேயே வைத்திருந்தாள். சோயாவைப் புளிக்க வைத்து எடுத்ததாம்.

டாக்டர் அந்தப் புட்டியைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதைக் கொடுத்தா மாத்திரை வேலை செய்யாதும்மா. அதோட, படிஞ்ச சுண்ணாம்பை இது கரைக்கும்னு நான் உங்ககிட்ட சொல்ல முடியாது." பிறகு என்னிடம், "எல்லாப் பழியையும் மாத்திரை மேல போட முடியாது சார். சுகரும் இதே வேலையைப் பண்ணும். எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

"வலது கால்?"

"அதுலயும் இருக்கு. பார்த்துக்கணும்."

அவர் போனபிறகு வார்டில் என் வால்வின் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் மனைவியிடம், "கடிகாரத்தை எங்கடி வெச்ச?" என்று கேட்டார்.

அடுத்த மூன்று நாள் காத்திருப்பு. இதய டாக்டர் வர வேண்டும், சர்க்கரை டாக்டர் வர வேண்டும், இன்ஷூரன்ஸ் அனுமதி வர வேண்டும். நித்யா லீவு போட்டுவிட்டு லேப்டாப்போடு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என் ஐ.என்.ஆர். எண்களை எல்லாம் வசந்தா ஒரு மஞ்சள் அட்டை நோட்டில் பதினோரு வருஷமாக எழுதி வைத்திருக்கிறாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் நித்யா அதை எல்லாம் லேப்டாப்பில் ஏற்ற ஆரம்பித்தாள். வசந்தா தேதி படித்தாள், பெண் தட்டினாள்.

இரண்டு மணி நேரம் கழித்து நித்யா, "அப்பா, வேடிக்கையா இருக்கு" என்றாள். "நம்பர் இறங்கின தேதி எல்லாம் கண்டபடி இல்லை. எல்லாமே அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஒண்ணு ரெண்டு நாள் முன்ன பின்னதான்."

"எனக்குப் பைத்தியம்னு சொல்ல வரே. அதை உங்கம்மா கல்யாணம் ஆன மறுநாளே சொல்லிட்டா."

நித்யா சிரித்தாள். நானும் சிரித்தேன். வசந்தா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள்.

"துவாதசி" என்றாள்.

விஷயம் இதுதான். என் மார்பைத் திறந்த வாரத்திலிருந்து வசந்தா எனக்காக ஏகாதசி விரதம் இருக்கிறாள். மாதம் இரண்டு. அன்று முழுக்கத் தண்ணீரும் பாலும்தான். மறுநாள் துவாதசி காலையில் விரதத்தை முடிக்கும் சாப்பாட்டுக்குப் பாரணை என்று பெயர். அதில் புளி சேராது; நெல்லிக்காய்ப் பச்சடி உண்டு; அகத்திக்கீரை கட்டாயம் உண்டு. எனக்குத்தான் முதல் இலை. விரதமே எனக்காக என்பதால், நான் நிறையச் சாப்பிட்டால்தான் அதற்குப் பலன் என்று அவளுக்கு ஒரு எண்ணம். இரண்டு கரண்டி, மூன்று கரண்டி கீரை வைப்பாள். நானும் சாப்பிடுவேன். அதாவது மாதத்தில் இருபத்தெட்டு நாள் பச்சை இலையே கண்ணில் காட்டாமல், இரண்டு நாள் மட்டும் ஒரு கட்டு அகத்தி.

இதை டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று நித்யா கத்தினாள். நாங்கள் மறைக்கவில்லை. அதைக் கீரை என்று நினைத்ததே இல்லை. கீரை என்றால் தெருவில் வண்டியில் வருவது, சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொள்வது. துவாதசி அகத்தி கீரைக் கணக்கில் சேராது, அது பாரணை. கோயிலில் துளசித் தீர்த்தம் வாங்கிக் குடிக்கிறவர் எவராவது டாக்டரிடம் போய், மூலிகைச் சாறு சாப்பிடுகிறேன் என்று சொல்வாரா?

ரத்தக்குழாய் டாக்டர் வந்ததும் வசந்தா எழுந்து நின்றாள். "பதினோரு வருஷமா நான் பொய் சொல்லியிருக்கேன் டாக்டர்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "உங்க நம்பர் ஏன் அப்படி ஆடுச்சுன்னு இப்ப புரியுது. இறங்கினப்போ எல்லாம் மாத்திரையைக் கூட்டியிருப்பாங்க. கூடாதது கீரை இல்லம்மா. ஒருநாள் நிறைய, அப்புறம் ஒண்ணுமே இல்ல, அதான் கூடாது. தினமும் ஒரே அளவு ஒரு கரண்டி சாப்பிட்டிருந்தா, அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திரை போட்டிருப்பாங்க" என்றார்.

"அவர் கால் இதனாலதானே போச்சு?"

"அகத்திக்கீரையால யார் காலும் போகாது. சொல்லப்போனா அந்தச் சுவர்ல இருக்கற புரதத்துக்கு அது நல்லதுகூட."

"கீரையைச் சொல்லலை. என்னாலதானே மாத்திரை கூடித்து? மாத்திரையாலதானே சுண்ணாம்பு?"

டாக்டர், "அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

"இல்லைன்னு சொல்லுங்கோளேன்" என்றாள் வசந்தா.

அவர் நல்லவர். பொய் சொல்லப் பழகாதவர். அவளுடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ஆறிய ஜிலேபிக்குச் சொல்கிற பொய்யைத் தயங்காமல் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து வசந்தா சாப்பிடுவதை விட்டுவிட்டாள். தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். பிசைவாள். எழுந்துபோய்விடுவாள். வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிறது. கால் விஷயம் முடிந்துபோனது, அதில் நான் செய்ய ஒன்றுமில்லை. விரலை மட்டும் எடுத்தால் அந்தப் புண்ணும் ஆறாது, ரத்தம் வந்து சேரும் இடத்தில்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் மயக்கத்தில் படுத்திருக்கும்போது வெளியே பெஞ்சில் இவள் இப்படியே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பாளே என்பதுதான் எனக்குக் கவலை. நான் எழுந்து வராவிட்டால் ஆயுள் முழுக்க அப்படியே உட்கார்ந்துவிடுவாள். என் நெஞ்சு இருக்கும் நிலையில் எழுந்து வருவது நிச்சயம் இல்லை என்று கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்கள்.

வெட்டுவதற்கு முன்னால் ரத்தம் உறையும் நிலைக்கு வர வேண்டும். அதற்காக வார்ஃபரினை ஐந்து நாள் நிறுத்தி, வால்வைக் காப்பாற்ற வயிற்றில் காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது வழக்கம்போல் வேடிக்கையாக, "இனிமே கீரை சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்துவிட்டு, "இந்த அஞ்சு நாள் சாப்பிடலாம் சார். மாத்திரை இல்லையே. நம்பர் சீக்கிரம் இறங்கினா நல்லதுதான்" என்றார்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குக் கீரைக்கு அனுமதி கிடைத்தது.

நேற்று ஏகாதசி. வசந்தா எதுவும் சொல்லாமலேயே விரதம் இருந்தாள். விரதத்துக்கும் மற்ற நாளுக்கும் இப்போது வித்தியாசம் இல்லை. இன்று காலை ஆறரைக்கு அடுக்களையில் குக்கர் வைத்திருந்தாள். பருப்பு, சாதம், மோர். "கீரை?" என்றேன். "இனிமே இந்த ஆத்துக்குள்ள அது வராது" என்றாள்.

நாளைய அட்மிஷனுக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கப் பாண்டியன் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தான். அவனை வாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய், "மாட வீதி வரைக்கும் போகணும்டா" என்றேன்.

"வண்டில குந்து, போலாம்."

"நடந்து."

"சாமி, மெண்டலாய்ட்டியா? அந்தக் காலோடயா?"

"நாளன்னிக்கி எடுத்துடப் போறா. அப்புறம் இதைச் சிக்கனம் பண்ணி என்ன பிரயோஜனம்?"

அவன் வண்டிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தான். தேருக்குப் பின்னால் தண்ணி லாரி வருவதுபோல. எங்கள் சந்திலிருந்து மாட வீதி முனைக்கு, நல்ல நாளில், மூன்று நிமிஷம். இன்று இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கட்டுப்போட்ட விரல் ஒவ்வொரு அடிக்கும் கொதித்தது. ஏழு இடத்தில் நின்றேன். நிற்கும்போதெல்லாம் பாண்டியனுக்கு ஒரு பழைய கல்யாணக் கதை சொன்னேன். எல்லாம் அவனுக்குத் தெரிந்த கதைதான். ஒவ்வொன்றுக்கும் சிரித்தான். நாலாவது கதையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான்.

குளத்துப் பக்கம் அகத்திக்கட்டு விற்கும் அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "மாட்டுக்கா சாமி, மனுசாளுக்கா?" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்மா" என்றேன்.

திரும்பி வரும்போது என்னால் முடியவில்லை. பாண்டியன் மொபெட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டான்.

கீரைக் கட்டை வசந்தாவின் முன்னால் மேஜையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், பேண்டேஜில் கசிந்திருந்த ஈரத்தைப் பார்த்தாள். "நடந்தேளா?" என்றாள். பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு காம்பாகப் பிடித்து உருவி, இலையை ஆய ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. தேங்காய் போட்டாள். பதினோரு வருஷமாகச் செய்கிற அதே கை, அதே பக்குவம்.

மேஜையில் இரண்டு இலை போடச் சொன்னேன். எனக்குப் பரிமாறினாள். கீரை முறை வந்ததும் கரண்டி என் இலைக்கு மேலே வந்து அப்படியே நின்றுவிட்டது. வால்வின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்த இலைக்குக் கீரை" என்றேன், கல்யாண மண்டபத்தில் கொடுக்கிற குரலில்.

போட்டாள். வாயில் போட்டுக்கொண்டேன்.

"கசக்கறதா?"

"கல்கண்டு."

அவள் எதிரே உட்கார்ந்து தன் இலையில் சாதத்தைப் பிசைந்தாள். முதல் கவளத்தை வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் சாப்பிட்டாள். இன்னொரு கவளம். கீரையைத் தொட்டுக்கொண்டாள். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதுதானே என் உத்தியோகம். கீரை தீர்ந்தது.

கீரைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மேஜையைச் சுற்றி அவள் பக்கத்துக்கு ஐந்து அடி. முப்பது வருஷத்தில் நான் விசாரித்த பந்திகளிலேயே ரொம்பச் சின்னது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடது காலை வைத்து, வலது காலை வைத்து, மறுபடி இடது காலை வைத்துப் போய் நின்றேன். ஒரு கரண்டி போட்டேன்.

இலைக்கு மேலே கையை நீட்டி மறைத்துக்கொண்டு, "போறும்னா" என்றாள்.

அவள் கையை நகர்த்திவிட்டு இன்னொரு கரண்டி போட்டேன்.